சீதனம் தந்தாயிற்று, இனி என்ன பங்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், களியக்காவிளைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து 37 வயதுச் சகோதரி ஒருவர் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அப்பா 14 மாதங்களுக்கு முன்பு உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது 90 சென்ட் ரப்பர் தோட்டம், அதற்குள் ஓர் ஓட்டு வீடு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை அருகே 9 சென்ட் வெறும் மனை. அம்மாவுக்கு 71 வயது. மூத்த அண்ணன் துபாயில் இருக்கிறார், இளைய அண்ணன் பாறசாலையில் கடை வைத்திருக்கிறார். 9 ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவரே கத்தி பிடித்துப் பழகியிருக்கிறார். அன்றிலிருந்து விடியற்காலை 4 மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறார். பால் எடுப்பது, உறைய வைப்பது, ஷீட் அடிப்பது, மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பால் பொறுக்குவது, விற்பது எல்லாம் இவர்தான். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர், பாரம் தூக்க முடியாது. சமையலும் துவைப்பும், 12 வயது மகளையும் 8 வயது மகனையும் பள்ளிக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. மாமனாரைக் கடைசிவரை குளிப்பாட்டிச் சோறு ஊட்டியதும் அவர்தான்.

கிறிஸ்மஸுக்கு அண்ணன்மார் வரும்போது அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். “40 பவுனும் 2 லட்சமும் சீதனம் போட்டாச்சு. நம்ம பக்கம் பெண்ணுக்குத் தோட்டம் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஆம்பிளை வேலையைச் செய்து குடும்பத்துக்குக் கேவலம் தேடினதும் போதும்” என்கிறார்கள். கணவரை ‘வீட்டோடு மாப்பிள்ளை, அடுக்களைக்காரன்’ என்கிறார்கள். பங்கு கேட்கச் சொல்லித் தூண்டுவதும் அவர்தான் என்கிறார்கள். சபை மூப்பர் ஒருவரோ, நல்ல குடும்பத்துப் பெண்கள் கூடப்பிறந்தவர்களிடம் பங்கு கேட்டு நிற்க மாட்டார்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: “வக்கீல் அக்கா, நான் கேட்பது பேராசையா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேராசை இல்லை. இன்னும் சொன்னால், நீங்கள் யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை. அப்பா கண்மூடிய அந்த நிமிடமே தோட்டத்தில் உங்களுக்குப் பங்கு வந்துவிட்டது. அதை ஒருவர் எடுத்துத் தர வேண்டியதில்லை. இப்போது பங்கு கேட்டு நிற்பவர்கள் உங்கள் அண்ணன்மார். அவர்கள் கேட்பது உங்கள் பங்கை. ஊரில் இதைத் தலைகீழாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால்தான் கொடுக்கப்போகிற நீங்கள் கூனிக்குறுகி எழுதுகிறீர்கள், வாங்கப்போகிறவர்கள் தலைநிமிர்ந்து பேசுகிறார்கள்.

விருப்பப்பட்டால் விட்டுக்கொடுக்கலாம், அதுவும் உங்கள் உரிமைதான். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள். ‘நல்ல பெண்’ என்ற பெயருக்காக 20 சென்டை எழுதிக் கொடுத்தவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தப் பெயர் அடுத்த கிறிஸ்மஸ்வரை நின்றதாக எனக்கு நினைவில்லை.

அண்ணன் சொல்லும் ‘வழக்கம்’ எங்கிருந்து வந்தது?

உங்கள் அண்ணன் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது எழுத்தில் இருந்த சட்டம். நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இங்கே நடப்பில் இருந்தது. அதன்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. விதவைக்குக் கிடைத்ததோ ஆயுள்கால உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். ‘சீதனம் போட்டாச்சு, கணக்கு முடிஞ்சுது’ என்ற பேச்சுக்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்த வேரை அறுத்தவர் கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய். கணவரைப் பிரிந்து, ஊட்டியில் அப்பாவின் வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருந்தவரை, மகளுக்கு உரிமையில்லை என்று சொல்லி வெளியேறச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அன்று முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925தான் பொருந்தும் என்றது நீதிமன்றம். 1951இல் நம் விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆகவே அந்தத் தீர்ப்பு கோட்டயத்துப் பெண்களுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு உங்களுக்கும் சொந்தம். ‘கேரளத்தில் எல்லாம் இப்படித்தான்’ என்று பாறசாலை அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வழக்கத்தை உடைத்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான் என்று அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள்.

சீதனத்துக்கு வருகிறேன். இப்போதைய சட்டத்தின் 49ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது: உயில் எழுதாமல் இறந்தவர் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணமோ பொருளோ அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கணக்கில் வராது. உங்களுக்குப் போட்ட 40 பவுனும் வராது. மூத்த அண்ணன் துபாய் போக அப்பா ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் வராது, இளைய அண்ணனுக்குக் கடை வைக்கக் கொடுத்த முன்பணமும் வராது. கடிதத்தில் இந்த இரண்டையும் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மகனுக்குக் கொடுத்தால் அது ‘பிள்ளையை ஆளாக்கியது’, மகளுக்குக் கொடுத்தால் அது ‘கொடுத்து முடித்தது’. இப்படிக் கணக்கெழுதப் பழகியது உங்கள் அண்ணன்மார் மட்டும் இல்லை, நீங்களும்தான்.

அம்மாவின் 30 சென்ட்

கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது இந்த இடம். “அம்மா எதுவும் சொல்லவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு, ஆண் பெண் வேறுபாடில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். தோட்டத்தில் அம்மாவுக்கு 30 சென்ட், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 20. பாறசாலை மனையில் அம்மாவுக்கு 3, உங்களுக்கு 2, 2, 2. வீட்டிலும் இதே விகிதம்.

அந்தக் குடும்பத்தில் எல்லாரையும்விட அதிகம் உடையவர் உங்கள் அம்மா. அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. பழைய காலத்து ஆயுள்கால உரிமை இல்லை இது, முழு உரிமை. விற்கலாம், எழுதி வைக்கலாம், கடைசிவரை தன் பெயரிலேயே வைத்திருக்கலாம். 71 வயதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு மருந்து வாங்கவும் மகன்மார் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். ‘என்னைப் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கையில் பிள்ளைகளுக்கே கொடுக்க அவர் விரும்பினாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆவது பிரிவின்படி, நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் அது பெரும்பாடு. உங்கள் பங்கைப் பற்றிப் பேசும் முன் அம்மாவின் பங்கை அம்மாவிடம் சொல்லுங்கள். ‘எனக்காகப் பேசுங்க’ என்று கேட்க வேண்டாம். அது அவருடையது என்று மட்டும் தெரியப்படுத்துங்கள்.

நீங்கள் தவறாக எண்ணியிருக்கும் சில விஷயங்கள்

2005 சட்டத்தின்படி உங்களுக்குச் சம பங்கு என்று பக்கத்து வீட்டு ஆசிரியை சொன்னாராம். பங்கு சமம் என்பது சரி, சட்டம் அது இல்லை. 2005 திருத்தமும், அதற்கு முன்பு 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைச் சேர்ந்தவை, கிறிஸ்தவரான உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் அதைச் சொல்லி வாதாடினால், அண்ணன் பக்கத்து வக்கீல் ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார்.

“9 வருடமாக நான்தான் அனுபவித்து வருகிறேன், 12 வருடம் ஆனால் எனக்கே சொந்தமாகிவிடுமாமே?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அப்பா இருந்தவரை அவர் சம்மதத்தோடு வெட்டினீர்கள். இப்போது கூட்டுடைமைக்காரர்களில் ஒருவராக வெட்டுகிறீர்கள். கூட்டுடைமைக்காரர் ஒருவர் அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களும் அது தெரிந்தே காலம் போக்கினால்தான் அந்த வாதம் எழும். அந்த வழியில் போக வேண்டாம்.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. அப்பாவை எட்டு வருடம் கவனித்ததற்காகக் கூடுதல் பங்கு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. சட்டம் பிள்ளைகளைச் சமமாகப் பார்க்கிறது, யார் மலம் அள்ளினார்கள் என்று பார்ப்பதில்லை. இதில் எனக்கும் வருத்தம் உண்டு. அப்பா நினைத்திருந்தால் உயிலில் செய்திருக்கலாம், செய்யவில்லை. ஆகவே பேச்சில் அதைக் கணக்காக வைக்காதீர்கள். உங்கள் 20 சென்ட் நீங்கள் மகள் என்பதால் வந்தது. நன்றாகக் கவனித்ததற்கான பரிசாக அதை நீங்களே மாற்றிவிட்டால், ‘கவனித்தது கடமைதானே’ என்று சொல்லி அதையும் பறிக்க வழி திறந்துவிடும்.

இன்னொன்று, அப்பா இறந்த நாளிலிருந்து தோட்டத்து வருமானம் நான்கு பேருக்கும் உரியது. அண்ணன்மார் கணக்குக் கேட்கலாம். மரத்துக்கு இவ்வளவு என்ற வெட்டுக்கூலி, உரம், ஆசிட், மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டிய செலவு எல்லாவற்றையும் கழித்து, மீதியைத் தேதிவாரியாக நோட்டில் எழுதி வையுங்கள். 14 மாதக் கணக்கை இன்றே உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள். ஷீட் வாங்கும் கடைக்காரரின் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆம்பிளை வேலை, அடுக்களை வேலை

‘ஆம்பிளை வேலை’ என்பவர்கள் கீரிப்பாறைக்கும் மணலோடைக்கும் ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்க்கட்டும். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் எத்தனையோ பெண்கள் பால் வெட்டுகிறார்கள். அந்தக் கழகம் 1984இல் தொடங்கியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல அந்த வேலையில்தான் காலூன்றின. பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்துக்குக் காயம் படாமல் சரியான ஆழத்தில் கத்தி போக வேண்டும், அவ்வளவுதான் மரம் கேட்பது. சொந்தத் தோட்டத்தில் பெண் வெட்டினால் மட்டும் ஏன் கேவலம்? கூலிக்கு வெட்டும் பெண்ணுக்குத் தோட்டத்தில் உரிமை வராது. சொந்தத் தோட்டத்தில் வெட்டும் பெண், ஒரு நாள் இது யாருடையது என்று கேட்டுவிடுவாள். உங்கள் அண்ணன்மாரை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

கணவரைப் பற்றி எழுதிய பக்கத்தில் “ஆண் செய்ய வேண்டியதை அவரால் செய்ய முடியவில்லை, பாவம்” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். படுக்கையில் கிடந்தவரைத் திருப்பிப் படுக்க வைத்து, புண் வராமல் எட்டு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர். நம் மாவட்டத்திலிருந்து எத்தனை ஆண்கள் வளைகுடா ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருக்கிறார்கள், எத்தனை பேர் ஓட்டல்களில் சமைக்கிறார்கள்! அவர்களை ‘அடுக்களைக்காரன்’ என்று யாரும் சொல்வதில்லை, கல்யாணச் சந்தையில் விலை கூடுகிறது. அதே வேலையைச் சம்பளமில்லாமல் மாமனாருக்குச் செய்தவரைக் கேலி செய்கிறோம்.

‘அவன்தான் தூண்டுகிறான்’ என்ற பேச்சுக்குப் பயந்து, அண்ணன்மார் வரும் நாளில் அவரை வெளியே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் வீட்டில் எப்போதும்போல இருக்கட்டும். பேசுவது மட்டும் நீங்களாக இருங்கள். பெண் தனக்காகத் தானே பேசுவாள் என்று அவர்கள் நம்பாததால்தான் பின்னால் ஓர் ஆணைத் தேடுகிறார்கள். அவரை ஒளித்து வைத்தால் அந்த எண்ணம் உறுதியாகும்.

மூப்பருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நின்று தகப்பனின் சுதந்தரத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று அங்கே பதில் வருகிறது. அவர்களுக்குச் சகோதரர் இல்லை என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். சபைக்கு முன் நின்று கேட்டதற்காக அவர்களை நல்ல குடும்பத்துப் பெண்கள் இல்லை என்று வேதம் சொல்லவில்லை.

இதோடு ஒரு விஷயம், கோபப்படாமல் கேளுங்கள். “மகளுக்கு 15 பவுன் சேர்த்துவிட்டேன், எனக்கு வருகிற தோட்டம் மகனுக்கு இருக்கட்டும்” என்று கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 25 வருடம் கழித்து உங்கள் மகள் யாருக்காவது ஒரு கடிதம் எழுதினால், அதில் இந்த வரி இருக்கும். அந்தப் பவுனை அவள் படிப்புக்கு வையுங்கள், தோட்டத்தைப் பற்றி இருவரும் வளர்ந்த பிறகு பேசலாம்.

இனி என்ன செய்யலாம்

பேசித் தீர்ப்பது: முதல் வழி எப்போதும் இதுதான். ஆனால் 20 சென்ட் என்றால் என்ன என்று கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 180 மரம் என்று வைத்தால் உங்கள் பங்கில் 36 மரம்தான் நிற்கும். அதை மட்டும் வெட்டிப் பிழைக்க முடியாது. வேலி போட்டுப் பிரிப்பதைவிட, நான்கு பேர் பெயரிலும் தோட்டம் இருக்க, வெட்டும் உரிமை உங்களுக்கு, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்வது உங்களுக்கு நல்லது. அம்மா தன் 30 சென்டை உங்களிடம் விட்டால் நிலைமை இன்னும் மாறும். அண்ணன்மாருக்குத் தோட்டமேதான் வேண்டுமென்றால், சந்தை விலைக்கு உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளட்டும். பணம் வங்கிக் கணக்கில் வந்த பிறகுதான் கையெழுத்து. எது முடிவானாலும் பதிவு செய்த பத்திரமாக இருக்கட்டும்.

கையெழுத்து: கிறிஸ்மஸ் விருந்து முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். நகலை வாங்கி, ஒரு வக்கீலிடம் காட்டுவதாகச் சொல்லுங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்ய, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். படிக்காமல் போட்டேன் என்று சொல்வது போதாது. என் பெரியம்மாவும் அப்படித்தான் போட்டார், வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொண்டார்.

வழக்கு: பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்கு. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் என்பதால் சொத்து மதிப்புக்கேற்ற பெரிய கட்டணம் இல்லை, குறிப்பிட்ட ஒரு சிறு தொகைதான். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசவும் வழி இருக்கிறது. பாறசாலை மனைக்கும் இதே மத்தியச் சட்டம்தான். ஒரே வழக்கில் இரண்டு நிலத்தையும் சேர்க்கலாம். பத்திரப் பதிவு மட்டும் அந்தந்த மாநிலத்தில் நடக்க வேண்டும். வழக்கு என்றால் சில வருடங்கள் ஆகும், அண்ணன்மார் வாசல் மிதிக்காமல் போகலாம், அம்மா நடுவில் தவிப்பார். இதையெல்லாம் எண்ணித்தான் இறங்க வேண்டும்.

இந்த வாரம் இரண்டு வேலைகளை முடியுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் உங்கள் பெயரும் அம்மா பெயரும் சேர்ந்த வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். மகன்மார் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றக் கூடாது என்று ஆட்சேப மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன்மார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம்.

நேரில் வருவதானால் பழைய ஆதாரம் (சொத்துப் பத்திரம்), நிலத் தீர்வை ரசீது, அப்பாவின் இறப்புச் சான்று, வெட்டுக் கணக்கு நோட்டு, அவர்கள் தயாரித்திருக்கும் விடுதலைப் பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள். அந்தத் தாளில் அவர் எதை எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று நானே வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன்.